கரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது? சொந்த மண் அணை வைத்திருப்போர் அனுபவங்கள்

மேட்டுநிலம்:
எங்கள் நிலத்தில் ஓடைக்குக் குறுக்கே அப்பா போட்ட மண் அணை ஒன்று இருக்கிறது. இரண்டு ஆள் உயரக் கரை. பாசனத்துக்கும் மாடுகளுக்கும் அந்தத் தண்ணீர்தான். கீழே இருக்கும் கிணறு கோடையிலும் வற்றாமல் இருப்பதும் அதனால்தான். வருகிறவர்கள் எல்லாரும் கரைமேல் ஏறி நின்று தண்ணீரை ரசிப்பார்கள். மறுபக்கச் சரிவில் இறங்கிப் பார்ப்பவர் யாரும் இல்லை.

போன பெருமழைக்குப் பிறகு நான் இறங்கிப் பார்த்தேன். மதகுக் குழாய் (அணைத் தண்ணீரைத் திறந்துவிடக் கரைக்கு அடியில் போகும் குழாய்) வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்தில் புல் மட்டும் திட்டாகப் பச்சைப் பசேலென்று இருந்தது. கால் வைத்தால் சொதசொதவென்று இறங்கியது. நடுவில் விரல் தடிமனுக்குத் தண்ணீர் கொப்பளிக்கிறது, சுற்றிலும் நைசான மணல் வட்டமாகக் குவிந்திருக்கிறது. கசிவே இல்லாத மண் கரை கிடையாது, சரி. ஆனால் இதைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்தால் அடியில் வண்டல் படிகிறது. அப்படியென்றால் கரைக்குள் இருக்கும் மண்ணும் சேர்ந்து வருகிறது என்றுதானே பொருள்? இதைச் சமாளித்தவர்கள் சொல்லுங்கள்.

திமிசு:
அண்ணே, முதலில் ஒன்று. அந்த ஊற்றை அடைக்கப் போகாதீர்கள். நான் கரை வேலை பார்த்த ஓர் இடத்தில் களிமண்ணைக் கொட்டி மிதித்து அடைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் இரண்டு அடி தள்ளி வேறு ஊற்று கிளம்பியது. உள்ளே அழுத்தம் அப்படியேதானே இருக்கிறது, அது வேறு வழி தேடும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே தண்ணீர் கொஞ்சம் ஏறி நிற்க விடுங்கள். அந்த எடையே எதிர் அழுத்தம் கொடுக்கும். உள்ளே முதலில் பருமணல், அதன்மேல் சரளை. தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது, அவ்வளவுதான்.

அதோடு அணையின் நீர்மட்டத்தை மெதுவாக இறக்குங்கள். மெதுவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். பயத்தில் ஒரேயடியாகத் திறந்துவிட்டால், நனைந்து கனத்திருக்கும் உட்சரிவு தாங்க ஆளில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்துவிடும்.

இடம் குழாய்க்குப் பக்கத்தில் என்கிறீர்கள், அதுதான் கவலை. குழாயின் அடிவயிற்றுப் பக்கம் ரோலர் போகாது, கையால்தான் திமிசு (மண்ணை இடித்து இறுக்கும் கட்டை) போட வேண்டும். அங்கே பெரும்பாலும் இறுக்கம் போதாது. தண்ணீர் குழாயை ஒட்டியே நடந்து வரும். இப்போதெல்லாம் குழாயின் வெளிமுனைப் பகுதியைச் சுற்றி மணல் வடிகட்டி அமைக்கச் சொல்கிறார்கள். கலங்கல் கசிவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ஐடஹோவில் 93 மீட்டர் உயர டீட்டன் அணை, 1976 ஜூன் 5 அன்று காலையில் கலங்கிக் கசிய ஆரம்பித்து நண்பகலுக்குள் உடைந்தது. முதல்முறை நிரப்பும்போதே.

மீன்குட்டை:
கசிவைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள், கலிங்கைப் பற்றி, அதாவது அணை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் வழியைப் பற்றி, ஒருவரும் வாய் திறக்கவில்லையே. தலைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் மண் கரை தாங்காது. எனக்குத் தெரிந்த ஒருவர் மீன் வெளியே போகிறது என்று கலிங்கு வாயில் வலை கட்டினார். ஒரு மழையில் சருகும் சுள்ளியும் சேர்ந்து வலை சுவராகிவிட்டது. நான் போனபோது தண்ணீர் கரையின் தாழ்ந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே நின்றது. அரிவாளால் வலையை வெட்டிவிட்டோம். மீன் போனால் போகட்டும்!

1889 மே 31 அன்று உடைந்த, அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையிலும் இந்தக் கூத்து உண்டு. பணக்காரர்கள் மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் வைத்திருந்த கிளப்பின் அணை அது. கலிங்கில் மீன் தடுப்புக் கம்பிகள். வண்டி போவதற்காகக் கரையின் உச்சியைத் தாழ்த்தியிருந்தார்கள். அடியில் இருந்த வெளியேற்றுக் குழாய்கள் முந்தைய உரிமையாளர் காலத்திலேயே கழற்றப்பட்டு, பிறகு போடப்படவே இல்லை. அணை உடைந்து, கீழே இருந்த ஜான்ஸ்டவுன் ஊர்ப் பக்கம் 2,200 பேருக்கு மேல் செத்தார்கள்.

கீழ்மடை:
நான் மறுதரப்பு. என் வீடு இன்னொருவர் அணைக்குக் கீழே ஓடைக்கரையில் இருக்கிறது. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் கரை நிறைய மரம். நிழல் வேண்டுமாம். காற்றில் ஒரு மரம் வேரோடு சாய்ந்து, சரிவில் ஆள் இறங்கும் அளவுக்குக் குழி விழுந்த பிறகுதான் பேச்சுக்கே வந்தார். பெரிய மரங்களை வெட்டினாலும் போதாது, உள்ளே வேர் மக்கி அதுவே நீர் போகும் துளையாகும் என்று ஆய்வுக்கு வந்த பொறியாளர் சொன்னார். புல் மட்டும் போதும், ஆடு மேய்ந்தால் இன்னும் நல்லது, எலி வளை கண்ணுக்குத் தெரியும்.

சின்ன அணைதானே என்பவர்களுக்கு: ஜார்ஜியா மாநிலத்தின் கெல்லி பார்ன்ஸ் அணை சுமார் 12 மீட்டர் உயரம்தான். மின்சாரத்துக்காகப் பயன்பட்டது, 1957-இல் அந்த வேலை நின்றது, அப்புறம் வெறும் பொழுதுபோக்கு ஏரி. தேவை போனதும் கவனிப்பும் போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வெளிச்சரிவு மிகச் செங்குத்து. 1977 நவம்பர் 6, பின்னிரவில் உடைந்து, கீழே கல்லூரி வளாகத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 39 பேர் போனார்கள்.

மேட்டுநிலம்:
திமிசு சொன்னபடி மூட்டை அடுக்கி, மட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். ஊற்று மெலிந்தது, தண்ணீரும் தெளிந்தது. பொறியாளரை வரவழைத்துத் தோண்டியபோது குழாயின் ஓர் இணைப்பு துருப்பிடித்து வாய் திறந்திருந்தது, அதைச் சுற்றி முழங்கை நுழையும் பொந்து. குழாயை முழுதாக மாற்றி, மணல் வடிகட்டி வைத்து, மண்ணை அடுக்கடுக்காக நனைத்து இறுக்கும் வேலை நடக்கிறது. கலிங்கையும் அகலப்படுத்தச் சொல்லிவிட்டார். அதுவரை பாதி அளவுக்கு மேல் நிரப்பக்கூடாதாம். கீழ்மடை சொன்னதைப் படித்தபின் ஓடையோரம் இருக்கும் வீடுகளுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வீட்டில் திட்டு, இன்னொரு வீட்டில் காபி. இரண்டு வீட்டிலும் கைபேசி எண் வாங்கிக்கொண்டேன்.