கொடுத்த வாக்கு: காப்பாற்றியதும் காப்பாற்றாததும், உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மாலைமணி:
மூன்று வாரமாக இது மனதை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். எங்கள் சபையில் ஒரு அக்காவுக்கு ஆபரேஷன். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, "காலையில எட்டு மணிக்கு உள்ளே கூட்டிட்டுப் போறாங்க தம்பி, அந்த நேரத்துல ஜெபிச்சுக்கோங்க" என்றார்கள். "கண்டிப்பா அக்கா" என்றேன். நாம் எல்லோரும் சொல்வதுதான். அன்று காலை எட்டு மணிக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றுகூட நினைவில்லை. அவர்கள் நினைவே எனக்கு அடுத்த ஞாயிறு ஜெபக் குறிப்பு வாசிக்கும்போதுதான் வந்தது.

குணமாகி வந்த அன்று நேரே என்னிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். "உள்ளே போறப்ப ரொம்பப் பயமா இருந்துச்சு தம்பி. சுவத்துல கடிகாரத்தப் பார்த்தேன், சரியா எட்டு. இப்போ தம்பி எனக்காக முழங்கால்ல இருக்கும்னு நினைச்சேன், பயம் போயிடுச்சு."

நான் "கர்த்தருக்கு ஸ்தோத்திரம் அக்கா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மறந்தது ஒன்று, நான் செய்யாத ஒன்றுக்கு வந்த நன்றியை நின்று வாங்கிக்கொண்டது இன்னொன்று. தூங்கவிடாமல் செய்வது இரண்டாவதுதான். "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்பதை ஞாயிறு பள்ளியில் ஒரு எழுத்து பிசகாமல் ஒப்புவித்தவன் நான்.

இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

பழைய சைக்கிள்:
என்னுடையது நேர் எதிர். வாக்கைக் காப்பாற்றினேன், ஆனாலும் நெருடுகிறது. வீட்டை விற்க ஒருவரிடம் விலை பேசி "சரி, உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டேன். முன்பணம் வாங்கவில்லை, எழுத்தும் கிடையாது. இரண்டு நாள் கழித்து வேறொருவர் நல்ல வித்தியாசத்தில் அதிகம் தருகிறேன் என்று வந்தார். அந்தப் பணம் எங்களுக்கு மிகவும் தேவைப்பட்ட நேரம் அது. சபையில் மூத்தவர் ஒருவரிடம் கேட்டேன், "எழுதிக் கொடுக்கலையே, அப்புறம் என்ன" என்றார். அது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தேவாலயத்தின் பேரில் சத்தியம் பண்ணினால் ஒன்றுமில்லை, தேவாலயத்தின் பொன்னின் பேரில் பண்ணினால்தான் கடனாளி என்று சட்டம் பேசியவர்களை மத்தேயு 23-ல் இயேசு என்ன சொல்லிக் கடிந்துகொண்டார் என்று நமக்குத் தெரியும்தானே. எழுத்து இல்லை என்பதும் அதே பேச்சுதான்.

சங்கீதம் 15-ல் "ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்" என்று வருகிறது. அதை வாசித்துவிட்டு முதலில் பேசியவருக்கே கொடுத்தேன். பத்திரம் பதியும் நாளில் அவர் குழாய் ஒழுகுகிறது என்று இன்னும் கொஞ்சம் குறைக்கச் சொன்னார் பாருங்கள், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு. குறைத்துக்கொடுத்தேன். அவருக்காக நான் எதை விட்டேன் என்பது அவருக்கு இன்றுவரை தெரியாது. இத்தனை வருஷம் ஆகியும் அந்தத் தெரு வழியாகப் போனால் எனக்குக் கோபம் வருகிறது. வாக்கைக் காப்பாற்றிவிட்டு உள்ளுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தால் அது எதில் சேர்த்தி என்று தெரியவில்லை.

எழுத்தாணி:
பழைய சைக்கிள் ஐயா, நீங்கள் வீணாக உங்களை வருத்திக்கொள்கிறீர்கள். சங்கீதம் நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான் என்றுதான் சொல்கிறது, நஷ்டத்தில் சந்தோஷப்படுகிறான் என்று சொல்லவில்லை. கிபியோனியரைப் பாருங்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், தூர தேசத்தார்போல நடித்து, பழைய அப்பத்தையும் கிழிந்த துருத்தியையும் காட்டி இஸ்ரவேலின் தலைவன் யோசுவாவை ஏமாற்றித்தான் தங்களைக் கொல்லமாட்டோம் என்ற ஆணையை வாங்கினார்கள். மூன்றாம் நாளே குட்டு வெளிப்பட்டது, ஜனங்கள் முறுமுறுத்தார்கள், ஆனாலும் ஆணை நின்றது. பிறகு சவுல் ராஜா அதை மீறி அவர்களைக் கொன்றதற்கு தாவீதின் காலத்தில் மூன்று வருஷம் பஞ்சம். ஏமாற்றி வாங்கிய வாக்கே அப்படியென்றால் உங்களுடையதற்கு என்ன குறை?

என் கதை சின்னது. ஒரு வருஷம் ஞாயிறு பள்ளி எடுக்கிறேன் என்று சொல்லி நாலாவது மாதம் நின்றுவிட்டேன். ஒரு சின்னப் பையன் "அடுத்த வாரம் மீதிக் கதை சொல்றேன்னீங்களே" என்று வெளியே வைத்துக் கேட்டான். தானியேல் சிங்கக் கெபிக்குள் இருந்த இடத்தில் விட்டிருந்தேன்.

தம்பி மாலைமணி, உங்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். ஒருவர் ஜெபிக்கக் கேட்டால் அங்கேயே நின்று கண்ணை மூடி இரண்டு வாக்கியம் ஜெபித்துவிடுங்கள், அதற்குமேல் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. நேரம் குறித்துக் கேட்டால் போனில் அலாரம் வையுங்கள், அவர்கள் முன்னாலேயே. "கண்டிப்பா" என்ற வார்த்தையை ஒரு மாதம் சொல்லாமல் இருந்து பாருங்கள், எத்தனை முறை நாக்கு நுனிவரை வருகிறது என்று தெரியும். அப்புறம் நம்மிடையே இன்னொரு வியாதி இருக்கிறது, "கர்த்தருக்குச் சித்தமானால் வருகிறேன்" என்பது. யாக்கோபு தன் நிருபத்தில் அதைச் சொன்னது நாளைக்கு நடப்பது நம் கையில் இல்லை என்று தாழ்மையாக ஒத்துக்கொள்ள. நாம் அதை "வரமாட்டேன்" என்பதற்கு மரியாதையான வார்த்தையாக ஆக்கிவிட்டோம். வராமல் இருந்தது நம் சித்தம், பழி கர்த்தர்மேல். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நீதிமன்றத்தில்கூட சத்தியம் செய்ய மறுத்தார்கள். அந்தப் பிரிவைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் 1660களில் இதற்காகவே சிறையில் கிடந்தார். சத்தியம் செய்தால்தான் உண்மை பேசுவேன் என்றால் மற்ற நேரத்தில் பேசுவது என்ன என்பதுதான் அவர்கள் கேள்வி. பிரசங்கி 5-ல் சொல்கிறபடி நேர்ந்துகொண்டு செய்யாமல் போவதைவிட நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே நலம்.

நீலக்குடை:
எழுத்தாணி அண்ணா, கிபியோனியர் சரி, ஏரோதை விட்டுவிட்டீர்களே. அவனும் வாக்கைக் காப்பாற்றியவன்தான். நடனமாடிய பெண்ணுக்கு எதைக் கேட்டாலும் தருவேன் என்று ஆணையிட்டான், பந்தியில் இருந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பார்த்தான், யோவான் ஸ்நானனின் தலை தட்டில் வந்தது. யெப்தாவும் நேர்ந்துகொண்ட சொல் தவறவில்லை, அதற்கு விலையானது அவன் மகள்.

வாலிபர் கூட்டத்தில் ஒரு தங்கை என்னிடம் வந்து, "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு முதல்ல சத்தியம் பண்ணுங்க அக்கா" என்றாள். ஏதோ சின்ன விஷயம் என்று நினைத்து, "சரிடா, சொல்லமாட்டேன்" என்றேன். அவள் முழுக்கைச் சட்டையை மேலே தள்ளிக் காட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை. வீட்டில்தான்.

இரண்டு நாள் அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அந்த இரண்டு நாளில் அவளுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அப்புறம் சொல்லவேண்டிய இடத்தில் சொன்னேன். இப்போது பத்திரமாக வேறு இடத்தில் இருக்கிறாள், என்னிடம் பேசுவதில்லை. போகும்போது, "நீங்களுமா அக்கா" என்றாள். சொன்னதற்காக எனக்கு வருத்தம் இல்லை. என்னவென்று கேட்பதற்கு முன்பே "சரிடா" என்றேன் பாருங்கள், அங்கேதான் மனது போய் நிற்கிறது.

எழுத்தாணி:
ஒத்துக்கொள்கிறேன் நீலக்குடை. வாக்கு கொடுத்துச் சிக்கிக்கொண்டவன் கண்ணுக்கு நித்திரை வரவிடாமல் போய்த் தன்னைத் தப்புவித்துக்கொள்ளட்டும் என்று நீதிமொழிகள் 6-லும் இருக்கிறது. அது பிணைப்படுவதைப் பற்றியது, ஆனாலும் இங்கே பொருந்தும். அந்தத் தங்கையை உடனே தேடிப் பேசாதீர்கள், ஒரு கடிதம் மட்டும் எழுதி...

நீலக்குடை:
அண்ணா, நான் யோசனை கேட்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாலைமணி:
எல்லாவற்றையும் வாசித்தேன். நேற்று ஆராதனைக்குப் பிறகு அந்த அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு நான் ஜெபிக்கல அக்கா. மறந்துட்டேன். நீங்க நன்றி சொன்னப்போ சொல்லியிருக்கணும்." சுற்றி ஆட்கள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார்கள், அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காதோ என்று நினைத்தேன். கேட்டிருந்தது.

திட்டவில்லை. "பரவாயில்ல" என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "அப்போ அந்த நேரத்துல யாருமே இல்லையா தம்பி" என்றார்கள். எனக்குப் பதில் வரவில்லை. கர்த்தர் இருந்தார் அக்கா என்று சொல்லியிருக்கலாம். அது உண்மைதான், ஆனால் அந்த இடத்தில் அதை என் வாயால் சொல்ல முடியவில்லை.

கிளம்பும்போது, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு மறுபடி டாக்டரைப் பார்க்கவேண்டும் என்று பக்கத்தில் நின்ற இன்னொரு சிஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. நாளைதான் செவ்வாய்.