அரம் தொடர்பான சில கலைச்சொற்கள்: பாடநூலுக்காக உடன் தேவை

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஃபிட்டர் பயிற்சிக்கான பாடநூலில் அரங்களைப் பற்றிய இயலை இம்மாத இறுதிக்குள் அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். தட்டை அரம், அரைவட்ட அரம், முக்கோண அரம், ஊசி அரம் ஆகியவை பயிற்சிக்கூடங்களில் வழங்கும் சொற்களே. அவற்றில் எனக்குச் சிக்கல் இல்லை. மூன்று இடங்களில் தடுமாறுகிறேன்.

முதலாவது ‘ஹேண்ட் ஃபைல்’. இதைக் ‘கை அரம்’ என்று எழுதினால், கையால் பிடித்து அராவும் எல்லா அரங்களுக்கும் உரிய பொதுப்பெயராகவே மாணவர் கொள்வார். ஆனால் அது ஒரு தனி வகை. தட்டை அரத்தின் அகலம் முனையை நெருங்கும்போது குறையும். இதன் அகலம் முனைவரை மாறாது, தடிப்பு மட்டுமே குறைந்து செல்லும். மேலும் இதன் ஒரு விளிம்பில் பற்கள் இரா. அந்த விளிம்பைக் குறிக்கும் ‘சேஃப் எட்ஜ்’ என்பதற்கான சொல்லே இரண்டாவது தேவை. மூன்றாவது, ரஃப், பாஸ்டர்டு, செகண்ட் கட், ஸ்மூத், டெட் ஸ்மூத் எனப் பற்களின் நெருக்கத்தைக் குறிக்கும் ஐந்து தரங்களுக்கும் பெயர். இரண்டாவது தரத்தின் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வகுப்பில் எழுத இயலாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

மறுமொழி

ஐயா, அரம் என்ற சொல்லிலிருந்தே நாம் தொடங்க வேண்டும் என்று கருதுகிறேன். அகநானூற்று 24ஆம் பாட்டில் ‘வாளரம் துமித்த வளை’ என்று வருகிறது. அங்கே அரம் சங்கை அறுக்கிறது. அதாவது இன்று நாம் இரம்பம் என்று சொல்லும் கருவியின் வேலையைச் செய்கிறது. அரை, அரவை, அராவு ஆகிய எல்லாவற்றிலும் உராய்ந்து தேய்த்தல் என்ற ஒரே வேர்ப்பொருள் ஓடுகிறது. தரையில் உராய்ந்து செல்வதால்தான் பாம்புக்கு அரவு என்ற பெயர் வந்தது என்பதும் என் துணிபு. ஆகவே அறுப்பது வாளரம், அராவுவது அராவி எனப் பிரித்துக்கொண்டால் குழப்பமே எழாது. தட்டை அராவி, உருண்டை அராவி, ஊசி அராவி என வரிசை அழகாக அமையும். தரங்களுக்குக் கரடு, இடைக்கரடு, இடைமென், மென், மீமென் என்பன பொருந்தும். ‘மீமிசை’ என்ற பழஞ்சொல்லில் உள்ள ‘மீ’ இங்கே நமக்கு உதவுகிறது.

மறுமொழி

வணக்கம். பட்டறையில் பல ஆண்டுகள் பயிற்றுவித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அராவி வேண்டாம். ‘அரம்பொருத பொன்போலத் தேயும்’ என்னும் 888ஆம் குறளில் அரம் அறுக்கவில்லை, பொன்னைத் தேய்க்கிறது. வள்ளுவர் கண்ட அந்தக் கருவியை இன்றும் கம்மியர் அதே பெயரால் கேட்டு வாங்குகையில், அப்பெயரை மாற்ற நமக்கு ஒரு காரணமும் இல்லை. அரவு பற்றிய ஆய்வைத் தனி இழையில் தொடரலாம். இந்த இயலுக்கு அது பயன்படாது.

‘சேஃப் எட்ஜ்’ என்பதைப் ‘பாதுகாப்பு விளிம்பு’ என்று யாரேனும் எழுதிவிடுவார்களோ என்றுதான் அஞ்சுகிறேன். அவ்விளிம்பு கையைக் காப்பதற்காக அமைந்ததன்று. உட்கோணம் ஒன்றில் ஒரு பரப்பை அராவும்போது, அதற்குச் செங்குத்தாக நிற்கும் முடிந்த பரப்பு சிதையாமல் இருப்பதற்காகவே அங்கே பல் வெட்டாமல் விடுகிறார்கள். பெயரை நம்பிக் கையைப் பற்றிய பாடமாக மாணவர் அதைப் படித்துவிட்டால், வேலைப்பொருளின் எந்தப் பக்கத்தில் அவ்விளிம்பை வைப்பது என்பது அவருக்கு விளங்கவே விளங்காது. ‘பல்லில்லா விளிம்பு’ என்றால் பார்த்தவுடன் புரியும்.

தரங்களில்தான் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். ‘செகண்ட் கட்’ என்பதை ‘இரண்டாம் வெட்டு’ என்று எழுதிய கையேடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒற்றை வெட்டு அரத்தில் பல்வரிசை ஒரே சாய்வில் ஓடும். இரட்டை வெட்டு அரத்தில் முதல் வரிசையைக் குறுக்கிட்டு இன்னொரு வரிசை வெட்டப்பட்டிருக்கும். இந்தப் பாடத்துக்கு அடுத்த பக்கத்திலேயே ‘இரண்டாம் வெட்டு’ என்று வந்தால், குறுக்காக வெட்டிய அந்த வரிசையைத்தான் நூல் சொல்கிறது என்று எந்த மாணவரும் எண்ணுவார். எனவே பல்வரிசையின் அமைப்பைச் சொல்ல மட்டுமே ‘வெட்டு’ வரட்டும். பற்களின் நெருக்கத்தைச் சொல்லும் பெயர் எதிலும் அச்சொல் வரக்கூடாது. அந்த வகையில் கரடு முதல் மீமென் வரையிலான வரிசையை மனமார ஏற்கிறேன்.

ஒன்றை மட்டும் நூலில் சேர்த்துவிடுங்கள். தரப்பெயர் ஒன்றாக இருந்தாலும் நீளம் கூடக்கூடப் பற்கள் பெரிதாகும், 300 மி.மீ. இடைக்கரட்டு அரம் 150 மி.மீ. இடைக்கரட்டு அரத்தைவிடக் கரடாகவே இருக்கும். அந்த நீளத்தில் கைப்பிடிக்குள் செருகும் காம்பைச் சேர்ப்பதில்லை. அட்டவணையில் பாஸ்டர்டு என்ற வழக்குச்சொல்லையும் அருகில் அச்சிடுங்கள். கருவி அறையில் இடைக்கரடு என்று கேட்டால் இப்போதைக்கு யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.

மறுமொழி

வழக்குச்சொல்லை அருகில் வைத்தால் அதுவே நிலைக்கும், புதுச்சொல் வளராது என்பது என் பட்டறிவு. ஆயினும் அச்சுக்கெடு நெருங்குவதால் வற்புறுத்தவில்லை. அராவியையும் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் ‘ஹேண்ட் ஃபைல்’ என்பதற்கு ஒருவரும் விடை சொல்லவில்லையே! விளிம்புகள் இணையாகச் செல்வதால் ‘இணைவிளிம்பு அரம்’ என்று சொல்லலாம்.

மறுமொழி

சொல் நன்று, ஆனால் ‘பில்லர் ஃபைல்’ எனப்படும் குறுகிய, தடித்த அரத்திலும் விளிம்புகள் இணையாகவே செல்லும். அதை நாளை எப்படிப் பிரிப்பீர்கள்?

மறுமொழி

அதை ‘ஒடுங்கிய இணைவிளிம்பு அரம்’ என்று பிரிக்கலாம். நீளமான பெயர்தான், பொருள் பிழையாது.

மறுமொழி

அனைவருக்கும் நன்றி. பல்லில்லா விளிம்பு, தர வரிசை ஐந்து, காம்பு ஆகியவற்றை ஏற்றுக்கொண்டேன். வழக்குச்சொற்கள் அட்டவணையில் மட்டும் இடம்பெறும். ‘இணைவிளிம்பு அரம்’ என்பதற்கே இங்குள்ளவர்களில் கூடுதலானோர் இசைந்திருப்பதால் அதையே எழுதுகிறேன்.

மறுமொழி

நான் இசையவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். இணைவிளிம்பு என்று கேட்கும் மாணவர் அகலத்தை மட்டுமே நினைவில் வைப்பார். அந்த அரத்தை எடுப்பதற்குக் காரணமான பல்லில்லா விளிம்பு பெயரில் இல்லை. அடுத்த பதிப்புக்கு முன் மீண்டும் எழுதுவேன்.