புதுப்பிப்பு: எஸ்க்யூஎல் டேட்டாபேஸ் வினவலில் ஜாயின் போட்டதும் சம் (கூட்டுத்தொகை) பெருகிய பிரச்சினை தீர்ந்தது

பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி. ஆர்டர், பேமென்ட் இரண்டு டேபிளையும் வாடிக்கையாளர் ஐடியில் ஜாயின் செய்து (ஒரே ஐடி உள்ள வரிகளை இணைத்து), குரூப் பை போட்டு ஆள் வாரியாகக் கூட்டினால் ஆர்டர் தொகை எகிறுகிறது என்று கேட்டிருந்தேன். மூன்று தவணை கட்டியவரின் 500 ரூபாய் ஆர்டர், தவணைக்கு ஒருமுறை திரும்ப வந்து, 1,500 ஆகக் காட்டியது.

சம்முக்குள் டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பை ஒருமுறை மட்டும் எடுப்பது) போடும் யோசனை உதவவில்லை; ஒருவருக்கே இரண்டு 500 ரூபாய் ஆர்டர் இருந்தால் ஒன்றை விழுங்கிவிடுகிறது. இரண்டு டேபிளையும் தனித்தனி சப்கொயரியில் (வினவலுக்குள் வரும் உள் வினவல்) ஐடி வாரியாகக் கூட்டிவிட்டு, அப்புறம் ஜாயின் செய்யச் சொன்ன பதில்தான் பலித்தது.

எதிர்பாராத ஒன்று: பணமே கட்டாதவர்களுக்கு லெஃப்ட் ஜாயினில் (ஜோடி இல்லாவிட்டாலும் முதல் டேபிளின் வரிகளை விடாத ஜாயின்) கட்டிய தொகை 'நல்' (மதிப்பே இல்லை) என்று வந்து, ஆர்டர் தொகையிலிருந்து அதைக் கழித்தால் பாக்கியும் 'நல்' ஆனது. கட்டிய தொகைக்கு கோலெஸ் (நல் இருந்தால் மாற்று மதிப்பு தரும் ஃபங்க்ஷன்) போட்டு 0 ஆக்கியதும் சரியாகிவிட்டது.