எங்க பக்கம் எடுத்த படமும், எங்க ஊர்ப் படமும்

வாய்க்கால், நெல்லு வயல் வேணும்னா கோபிச்செட்டிபாளையம். தென்னந்தோப்பும் பெரிய வீடும் வேணும்னா பொள்ளாச்சி. தமிழ் சினிமா எங்க கொங்குப் பக்கம் வந்ததெல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்குலதான். மண்ணு பிடிச்ச அளவுக்கு அந்த மண்ணுல பொழைக்கிற ஆளுங்களைப் பிடிக்கலையோன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம். ஆடி மாசம் முச்சூடும் அம்மாவும் நானும் பொழுதோட உக்காந்து பழசும் புதுசுமா படம் பார்த்தோம். அதுல மனசுல தங்கினதைச் சொல்றேன்.

'மலைக்கள்ளன்', 1954. நாமக்கல் கவிஞர் எழுதின நாவல், கருணாநிதி வசனம், கோயமுத்தூர் பட்சிராஜா ஸ்டூடியோ ஸ்ரீராமுலு நாயுடு தயாரிச்சு இயக்கினது. குடியரசுத் தலைவரோட வெள்ளிப் பதக்கம் வாங்கின படம். மறு வருஷமே அவரே திலீப்குமார், மீனாகுமாரியை வச்சு இந்தியில 'ஆசாத்'னு எடுத்தார். எம்.ஜி.ஆர். அப்துல் ரஹீமா வேஷம் மாத்திக்கிட்டு வர்றப்பல்லாம் அம்மாவுக்கு அத்தனை சந்தோஷம். எனக்குப் பானுமதிதான். கொள்ளைக்காரன்னு ஊரே நடுங்கற ஆளு முன்னாடி நிமிர்ந்து நின்னு பேசறாங்க பாருங்க, அந்தத் தெனாவட்டு இப்ப வர்ற கதாநாயகிகளுக்கும் சுலபமா வாய்க்கறதில்லை. 'எத்தனை காலந்தான் ஏமாற்றுவார்' பாட்டு டி.எம்.எஸ். குரல்ல வர்றப்ப இன்னைக்கும் கை தட்டத் தோணுது. ஆனா கதை எழுதினவரும் இந்தச் சீமை, ஸ்டூடியோவும் இந்தச் சீமை, காதுல விழறது என்னவோ மேடைத் தமிழ். அன்னைக்கு வழக்கமே அப்படித்தான், அதைக் குறையாச் சொல்ல முடியாது.

'தேவர் மகன்' (1992) பார்த்தப்பதான் அந்த ஆதங்கம் நெம்பக் கூடுச்சு. படம் எடுத்தது பொள்ளாச்சிப் பக்கம், கதை தெக்கத்தி. பி.சி.ஸ்ரீராம் கேமராவுல எங்க வீதியும் வரப்பும் அவ்வளவு அழகு. அப்பனும் மகனும் வெதை போடறதையும் பழம் பறிக்கறதையும் பத்திப் பேசற சீன்ல சிவாஜி குரல் தாழ்ந்து தாழ்ந்து ஏறுமே, அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். படம் உசத்திதான், அதுல எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனா பொள்ளாச்சி அதுல வேற ஊரா நடிச்சிருக்கு. (வெள்ளாங்கோயில்காரர் பாக்யராஜ் படங்கள்ல எங்க ஊரு அப்பப்ப எட்டிப் பார்க்கும். அது தனிக்கதை, தனியாத்தான் எழுதணும்.)

இதையெல்லாம் பார்த்துட்டு 'சேத்துமான்' போட்டோம். பெருமாள்முருகனோட 'வறுகறி' சிறுகதையை வச்சுத் தமிழ் இயக்கினது, 2022ல ஓடிடியில வந்துச்சு. பூச்சின்னு ஒரு பெரியவர், தாய் தகப்பன் இல்லாத பேரன் குமரேசன். பேரனை எப்படியாவது படிக்க வச்சுடணும்னு பாடுபடறார். அவரை வேலை வாங்கற பண்ணயக்காரர் வெள்ளையனுக்குப் பன்னிக்கறி மேல ஆசை. அவர் சம்சாரத்துக்கு அந்தப் பேச்செடுத்தாலே ஆகாது. இவ்வளவுதான் கதை. தலித் சமூகத்துல இருந்து வந்த ராம்நாத் கோவிந்த் குடியரசுத் தலைவரா வர்ற சேதி ஒரு பக்கம் ஓடிக்கிட்டே இருக்கும், இந்தப் பக்கம் பூச்சி கைகட்டி நிப்பார்.

கொங்கு நாட்டுக்காரங்க மரியாதையாப் பேசுவாங்க, வாங்க போங்கன்னுதான் கூப்புடுவாங்கன்னு ஊர் உலகமே சொல்லும், நாமளும் பெருமையாக் கேட்டுக்குவோம். இந்தப் படத்துல அந்த மரியாதை எந்தப் பக்கம் போகுது, எந்தப் பக்கம் வர்றதில்லைன்னு கவனிச்சுப் பாருங்க. பூச்சி 'ங்க' போடாம வாயே தொறக்கறதில்லை. வெள்ளையன் வயசுல சின்னவர், ஆனா பூச்சிக்குத் திரும்பி வர்றது வெறும் வா, போ. படத்துல யாரும் இதைச் சுட்டிக் காட்டி வசனம் பேசலை. பேச்சு பாட்டுக்கு நடக்குது, நமக்குத்தான் உக்கார முடியலை.

பாதிப் படத்துல அம்மா டிவியை நிறுத்தச் சொன்னாங்க. அப்பாரு காலத்துல கட்டுத்தரைக் கூரையில ஓலைக்கு நடுவால ஒரு அலுமினிய டம்ளர் சொருகி இருக்குமாம். காட்டு வேலைக்கு வர்ற பெரியவர் அதை அவரே எடுத்து, அவரே கழுவி, ரெண்டு கையிலயும் தூக்கிப் புடிச்சுட்டு நிப்பாராம். அப்பத்தா மேல இருந்து மோரை ஊத்துவாங்களாம். "அந்த டம்ளர்ல விளிம்பு நசுங்கி இருக்கும் சாமி, இத்தன வருசத்துல அவரு பேரு கூட எனக்கு நெனப்பு வல்லியே"ன்னாங்க. சித்த நேரம் கழிச்சு அவங்களே "போடு, மீதியையும் பாத்துரலாம்"னாங்க. அம்மாவை இப்படிப் பேச வச்ச படம் இது ஒண்ணுதான். பிந்து மாலினி இசை தேவையான எடத்துல மட்டும் வருது. முடிவை நான் சொல்ல மாட்டேன், நீங்களே பாருங்க.

கடைசியாப் பார்த்தது 'குரங்கு பெடல்' (2024). ராசி அழகப்பனோட 'சைக்கிள்' கதையைக் கமலக்கண்ணன் எடுத்திருக்கார். 80கள்ல ஒரு கோடை லீவு. சைக்கிள் ஓட்டத் தெரியாத அப்பாவா காளி வெங்கட். ஊரே 'நடராஜா சர்வீஸ்'னு கிண்டல் பண்ணும், மனுசன் எங்க போனாலும் நடைதான். மகனுக்கோ சைக்கிள் பைத்தியம். வாடகை சைக்கிள் எடுத்தவங்களுக்குத்தான் அந்தப் படத்தோட அருமை தெரியும். மட்கார்டுல பெயின்ட்ல எழுதின நம்பர், கடைக்காரர் நோட்டுல குறிச்சு வைக்கிற நேரம், பாருக்குள்ள ஒரு காலை விட்டு ஒடம்பைக் கோணிக்கிட்டு அரைப் பெடல் மிதிக்கறப்ப பொட்டுப் பொட்டுன்னு கேக்கற செயின் சத்தம். பையன் வெய்யில்ல சைக்கிளைத் தள்ளிக்கிட்டுப் போறதைப் பார்த்தா நமக்கே நாக்கு வறண்டு போகுது. பின்பாதி கொஞ்சம் இழுவைதான், சில காமெடியைக் குறைச்சிருக்கலாம். ஆனா பசங்க பேசற பேச்சுல ஒரு பொய் கூட இல்லை. எங்க பேச்சைக் கேட்டா மத்த ஊர்க்காரங்க சிரிக்கணும்னு பழகின சினிமாவுல, ஒரு பொடியன் அதே பேச்சுல கோவப்படறதும் அழுவறதும் எனக்குப் பெரிய விஷயமாத் தெரியுது.

எங்க பக்கத்துத் தியேட்டர்ல இது வந்ததும் தெரியலை, போனதும் தெரியலை. அதனால வர்ற மாரியாத்தா நோம்பிக்குக் கோயில் திடல்ல திரை கட்டி இந்தப் படத்தைப் போடலாம்னு ஊர்ப் பசங்ககிட்டக் கேட்டிருக்கேன். அவங்களுக்கு அடிதடிப் படம்தான் வேணுமாம். முதல் நாள் அதைப் போட்டுக்கோங்க, ரெண்டாம் நாள் இதுன்னு பேசி முடிச்சாச்சு. முறைப்படி அனுமதி வாங்கிப் படம் போட யாரைக் கேக்கணும்னு தெரிஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.