புதுப்பிப்பு: பள்ளிக் குளத்தின் பச்சைத் தண்ணீர் தெளிந்துவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளித் தோட்டத்துச் சிமென்ட் குளம் (6 அடிக்கு 4 அடி), தண்ணீர் மாற்றிய ஒரே வாரத்தில் பச்சையாகிவிடுகிறது என்று ஜூனில் கேட்டிருந்தேன்.

பிளீச்சிங் பவுடர் வேண்டாம் என்று விட்டுவிட்டோம், மீன் இருக்கிறதே. பலித்தது, "தண்ணீரை மாற்றாதீர்கள், பாசிக்குச் சத்து எங்கிருந்து வருகிறதென்று பாருங்கள்" என்றவர் சொன்னதுதான். மழை பெய்த அன்று நின்று பார்த்தோம்: கீரைப் பாத்தியில் போட்ட எரு கரைந்து நேராகக் குளத்துக்குள்! ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இடையில் வரப்பு போட்டுக் கல்வாழை நட்டார்கள். இரண்டு தொட்டி அல்லியும் இறக்கினோம். இலை பரவி வெயிலை மறைத்ததும் பாசி அடங்கியது. ஆறு வாரத்தில் தரை தெரிந்தது.

நடுவில் ஒருமுறை மறுபடி கலங்கியதுதான் எதிர்பாராதது. காலை உணவில் மிஞ்சிய உப்புமாவை மீன்களுக்கு அன்போடு கொட்டியிருக்கிறார்கள். இப்போது முறை வைத்து ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை, ஒரு சிட்டிகை தீனி.

கொசுவுக்குப் பயந்தவர்களுக்கு: கொசுப்புழுவை மீனும், தானாக வந்து சேர்ந்த தட்டானின் இளம்புழுவும் தின்றுவிடுகின்றன. இருந்தாலும் வாரம் ஒருமுறை வெள்ளை டம்ளரில் மொண்டு பார்க்கிறோம்.