தம்பியைக் கட்டிலோடு கட்டிவைத்திருந்தார்கள், இது சரியா?

மதுரைக்காரி:
தம்பிக்கு பைபோலார், மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் நோய். போன வாரம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் இரண்டு மணிக்கட்டிலும் துணிப்பட்டை. "நைட்டு ஆள் இல்லக்கா, எந்திரிச்சு எந்திரிச்சு நடக்கிறாரு" என்றார் வார்டு பையன். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்க உரிமை உண்டா?

ராத்திரி டியூட்டி:
தாராளமாகக் கேளுங்கள் அக்கா. நான் மனநல வார்டு நர்ஸ். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், 97வது பிரிவு: உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் கட்டலாம். ஆள் குறைவு காரணமே ஆகாது. பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதி வேண்டும், கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும், நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு (சிகிச்சை முடிவுகளில் அவருக்குத் துணை நிற்பவர்) 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். எங்கள் வார்டில் யாராவது நடந்தால் நாங்களும் கூடவே நடப்போம். கொஞ்ச நேரத்தில் அவரே உட்கார்ந்துவிடுவார். கால்வலி நமக்குத்தான்!

கடலோரம்:
2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்து. சங்கிலியில் கிடந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள், 28 உயிர். இப்போது அதே சட்டத்தின் 95வது பிரிவில் சங்கிலிக்கு முழுத் தடை. ஆனால் தீப்பிடித்தால் துணிப்பட்டை மட்டும் தானாக அவிழுமா?

மதுரைக்காரி:
கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கட்டியதைப் பற்றி ஒரு வரி இல்லை. டாக்டரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்றிரவு நானே ஸ்டூல் போட்டு உட்காரப் போகிறேன்.