முற்றத்து வெயிலும் சிவப்பு வாளியும்: வெளிச்சம் மட்டுமே ஒரு படமாகுமா?

முற்றத்துவெயில், பினாங்கு

வணக்கம். போன வாரம் எங்கள் புகைப்படக் குழுவில் என் ஒன்பது படங்களைக் காட்டினேன். எல்லாமே ஜோர்ஜ்டவுனில் பாட்டி வாழ்ந்த கடைவீட்டின் முற்றம். ஆளில்லை, சாமானில்லை. சுண்ணாம்புச் சுவர், சிமெண்டுத் தரை, மேலே வெயில், அவ்வளவுதான். மூத்தவர் ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "வெளிச்சம் நல்லா இருக்கு தம்பி, படம் எங்கே?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. படங்களைக் கீழே இணைத்திருக்கிறேன்.

என்னைப் பொறுத்தவரை அந்த வெளிச்சம்தான் படம். பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்தரைப் பாகைக்குள் இருக்கிறது. அதனால் ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். உச்சிப்பொழுது நமக்குப் பன்னிரண்டு மணிக்கு அல்ல, 1:20 வாக்கில். 1982-இல் சபா, சரவாக் நேரத்தோடு நம் கடிகாரத்தையும் சேர்த்தபோது அது இன்னும் அரைமணி தள்ளிப்போனது. ஏப்ரல், செப்டம்பர் உச்சிப்பொழுதில் வெயில் சுவரைத் தொடாமல் நேரே தரையில் இறங்கும். ஜூனில் சூரியன் வடக்கே போய்விடும், வெயில் தெற்குச் சுவரில் ஏறும். டிசம்பரில் வடக்குச் சுவர். பாட்டி மோர்மிளகாய்த் தட்டை இதற்கேற்பத்தான் மாற்றி மாற்றி வைப்பார். ஒரு வருஷம் ஒரே இடத்தில் நின்று நான் எடுத்தது இந்தப் பயணத்தைத்தான்.

செந்தூல்காரன், கோலாலம்பூர்

தம்பி, அங்கே இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

வெளிச்சத்தைத் தனியாக யாரும் பார்த்ததில்லை. தூசியில்லாத காற்றில் உன் கண்ணுக்கு முன்னால் குறுக்கே போனால்கூடத் தெரியாது. எதன்மேலாவது பட்டால்தான் தெரியும். ஆக, நீ எடுத்தது சுவரை.

பத்துமலைக் கோயில் குகையின் கூரையில் ஒரு திறப்பு உண்டு, எல்லாருக்கும் தெரியும். நான் இருபது வருஷமாகத் தைப்பூசத்துக்கு அங்கே போகிறேன். 272 படியேறி வந்தவர், அலகு குத்திய முகத்தில் வேர்வை வழிய அந்த ஒளிக்குள் காலெடுத்து வைக்கிற ஒரு நொடி இருக்கிறதே, அதுதான் படம். அவர் போனபிறகும் அதே ஒளி பாறைமேல் விழுந்துகொண்டுதான் இருக்கும். நான் கேமராவை இறக்கிவிடுவேன்.

பிரெஞ்சு ஓவியர் மோனே ஒரே ருவான் தேவாலயத்தை முப்பது தடவைக்கு மேல் வரைந்தாரே என்று யாராவது சொல்லக்கூடும். அவர் வரைந்தது தேவாலயத்தை.

மலர்விழி, ஈப்போ

அண்ணே, மோனே அந்த வாசலுக்கு எதிரே இடம்பிடித்து உட்கார்ந்து, வெளிச்சம் மாற மாற ஒரு கேன்வாஸை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்து வரைந்தவர். தேவாலயம்தான் வேண்டுமென்றால் ஒன்று போதாதா?

அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜோயல் மேயரோவிட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் தெருவில் ஆட்களுக்குப் பின்னால் ஓடி ஓடி எடுத்தவர். 1976 கோடையில் 8×10 அங்குலப் பிலிம் போடும் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு கேப் காட் கடற்கரைக்குப் போனார். ஒரு வராந்தா, அதற்கப்பால் கடல், மேலே இடி இறங்கப்போகும் வானம். எல்லாம் வண்ணப் படங்கள், கறுப்பு வெள்ளையில் பாதி செத்துப்போகும். ஊட்டா பார்த் என்ற புகைப்படக் கலைஞர் இன்னும் ஒரு படி மேலே போய், தன் வீட்டுத் திரைச்சீலையில் விழுந்த ஒளிக்கோட்டை மட்டும் வைத்து 2011-இல் ஒரு வரிசையே செய்தார். அது திரைச்சீலையைப் பற்றிய படம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

செந்தூல்காரன், கோலாலம்பூர்

மலர், கடற்கரை வீட்டுக்கும் திரைச்சீலைக்கும் நான் எதிரியில்லை. என் பயம் வேறு.

2019 செப்டம்பர் புகைமூட்டம் நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடங்களை மூடினார்கள். சாயங்காலச் சூரியன் இரத்தச் சிவப்பில் ஒரு பழம்போல் தொங்கியது, நேராகப் பார்த்தால்கூடக் கண் கூசவில்லை. அந்த வாரம் நம் ஆட்கள் போட்ட படங்களை எண்ணி மாளாது. எல்லாவற்றுக்கும் கீழே "அற்புத ஒளி". அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரிந்த காடும் கரிமண்ணும். புகைத்துகள் நீலத்தைச் சிதறடித்துவிட்டுச் சிவப்பை மட்டும் விட்டது. வெளிச்சமே கருப்பொருள் என்று சொல்லும்போது, அந்த வெளிச்சத்தை அப்படி ஆக்கியது எது என்பதை நாம் பிரேமுக்கு வெளியே தள்ளிவிடுகிறோம். எனக்கு உறுத்துவது அதுதான்.

முற்றத்துவெயில், பினாங்கு

அண்ணே, அது நியாயமான கேள்வி. அந்த மாதம் அம்மாவுக்கு மூச்சுத்திணறல், நான் கேமராவைத் தொடவே இல்லை. ஆனால் ஒரு வெளிச்சத்துக்குப் பின்னால் கதை இருக்கிறது என்பதற்காக, கதையில்லாத வெளிச்சத்தை எடுக்கக்கூடாது என்றாகுமா?

பழைய லேப்காரன், பட்டர்வொர்த்

நான் முப்பது வருஷம் கலர் லேப்பில் பிரிண்ட் போட்டவன். ஒரு விஷயம் சொல்கிறேன், உங்கள் சண்டைக்கு உதவும்.

மினிலேப் என்ற பிரிண்ட் போடும் இயந்திரம் ஒவ்வொரு நெகட்டிவையும் பார்த்து, எல்லா நிறமும் சேர்ந்தால் சாம்பல் வரவேண்டும் என்று கணக்குப் போடும். கல்யாண வீட்டில் சிவப்புத் திரைக்கு முன்னால் சிவப்புப் புடவையில் பெண் உட்கார்ந்திருந்தால், சிவப்பு அதிகம் என்று நினைத்து அதைக் குறைத்துவிடும். பெண்ணின் முகம் நீலம் பாய்ந்து வரும். சாயங்கால மஞ்சள் வெயிலையும் அப்படித்தான் வெளுத்துவிடும். நாங்கள்தான் ஒவ்வொரு பிரிண்டாகக் கையால் திருத்துவோம்.

இன்றைக்கு உங்கள் கேமராவில் நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோ வைட் பேலன்ஸ் செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலை. நிழலில் இருக்கும் நீலம், உச்சி வெயிலின் வெள்ளை, ஆறே முக்கால் மணி மஞ்சள், எல்லாவற்றையும் ஒன்றுபோல் ஆக்கப் பார்க்கும். பகல் வெயிலுக்கென்று செய்த பிலிம் அப்படியில்லை. வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் 5500 பக்கம் ஒரே இடத்தில் நிற்கும், வெளிச்சம் விலகினால் விலகியபடியே காட்டும். தம்பி, வருஷம் முழுக்க எடுத்ததை ஆட்டோவில் எடுத்திருந்தால் நீ பின்தொடர்ந்தது வெயிலை அல்ல, கேமராவின் ஊகத்தை. எதில் வைத்தாய்?

முற்றத்துவெயில், பினாங்கு

வைட் பேலன்ஸைப் பகல் வெயிலில் பூட்டிவைத்துத்தான் எடுத்தேன் சார், ஒன்பதும். எக்ஸ்போஷரையும் வெயில் விழுந்த இடத்துக்கே வைத்தேன். முற்றத்து நிழல் இருட்டினால் இருட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

செந்தூல்காரன், கோலாலம்பூர்

லேப்காரர் சொன்னதற்கப்புறம் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தம்பி, இந்த ஏப்ரலில் எடுத்த 4-வது படம். தரையில் வெள்ளைச் சதுரமாக வெயில். வலது சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இளஞ்சிவப்பு. மேலே போகப் போகச் சுண்ணாம்பு வெள்ளையில் கரைந்துவிடுகிறது. ஒன்பதிலும் உயிருள்ள இடம் அதுதான். அது எங்கிருந்து வந்தது?

முற்றத்துவெயில், பினாங்கு

அங்கே ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி இருந்தது. பாட்டி கால் கழுவப் பயன்படுத்தியது. பிரேமில் வேண்டாம் என்று ஒரு முழம் வலப்பக்கம் நகர்த்தினேன். வெயில் அதன்மேல் பட்டுச் சுவரில் அடித்திருக்கிறது. எடுக்கும்போது நான் கவனிக்கவே இல்லை.

செந்தூல்காரன், கோலாலம்பூர்

சரி, இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். உன் படத்தில் இருக்கிற ஒரே நிறம் பாட்டியின் வாளி கொடுத்தது. பொருளை வெளியே தள்ளிவிட்டு அதன் நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டாய். வாளியை உள்ளே வை.

மலர்விழி, ஈப்போ

நான் அதை நேர்மாறாகப் படிக்கிறேன் அண்ணே. வாளி உள்ளே இருந்திருந்தால் நீங்கள் சுவரைப் பார்த்தே இருக்கமாட்டீர்கள். "ஒரு சிவப்பு வாளி" என்று சொல்லி அடுத்த படத்துக்குப் போயிருப்பீர்கள். அது இல்லாததால்தான் அந்த ஒரு சாண் உயரத்துக்கு நிறத்தைத் தேடிப் போனீர்கள்.

பழைய லேப்காரன், பட்டர்வொர்த்

சுண்ணாம்புச் சுவர் அப்படித்தான், பக்கத்தில் எது நின்றாலும் அதன் நிறத்தை வாங்கிக்கொள்ளும். மஞ்சளோ பச்சையோ பூசிய சுவரில் இந்த இளஞ்சிவப்பு தெரிந்திருக்காது. இப்போது மறுபடி செப்டம்பர், சூரியன் ஏப்ரலில் நின்ற அதே இடத்துக்கு வந்திருக்கிறது. வாதம் செய்வதைவிட இரண்டு விதமாகவும் எடுத்துப் போடு தம்பி.

முற்றத்துவெயில், பினாங்கு

நேற்று போனேன். 1:05-லிருந்து 1:35 வரைக்கும்தான் வெயில் முழுச் சதுரமாக இருந்தது, நடுவில் மேகம் பத்து நிமிஷத்தைத் தின்றுவிட்டது. வாளியோடு ஒன்று, வாளி இல்லாமல் ஒன்று, இரண்டையும் இணைத்திருக்கிறேன். வாளியில் அரைவாசி தண்ணீர் இருந்தது. அதிலிருந்து ஒரு வளையம் சுவரில் ஆடிக்கொண்டே இருந்தது.

மலர்விழி, ஈப்போ

வாளியோடு இருப்பதில் என் கண் நேராக விளிம்பில் உடைந்த இடத்துக்குப் போய்விட்டது. சுவரின் இளஞ்சிவப்பைத் தேடித்தான் கண்டுபிடித்தேன். என் ஓட்டு இல்லாததற்கே.

செந்தூல்காரன், கோலாலம்பூர்

எனக்கு வாளி இருப்பதுதான் படம். உடைந்த விளிம்பு, கம்பிக் கைப்பிடியின் நிழல், தண்ணீர் வளையம். ஒருவர் அங்கே கால் கழுவியிருக்கிறார் என்று தெரிகிறது. மற்றது அழகாக இருக்கிறது, ஆனால் யாருடைய வீடு என்று சொல்லவில்லை. தண்ணீர் வளையம் இன்னும் கூர்மையாக வரவேண்டும். ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்கு மேல் வைத்து மறுபடி எடு.

முற்றத்துவெயில், பினாங்கு

இன்னும் ஐந்து நாள்தான் அண்ணே. வீட்டை வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம். மழைத்தண்ணீர் உள்ளே விழுகிறது என்று, வருகிற திங்கள்கிழமை முற்றத்தின் மேல் பிளாஸ்டிக் கூரை போடுகிறார்கள்.

பழைய லேப்காரன், பட்டர்வொர்த்

என்ன நிறக் கூரை? நீலமாக இருந்தால் அப்புறம் அந்தச் சுவரில் எந்தச் சிவப்பும் நிற்காது.

முற்றத்துவெயில், பினாங்கு

நீலம்தான் சார்.

செந்தூல்காரன், கோலாலம்பூர்

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி வருகிறேன், உச்சி வெயிலுக்கு முன்னால் சேர்ந்துவிடலாம். என் கருத்து மாறவில்லை. முதலில் நீ உன் விதமாக எடு, அப்புறம் நான். வாளியில் தண்ணீரை நேற்று இருந்த அளவுக்கே வை.